நாங்கள் போடாத பக்கம்

ஈப்போ,
15 ஏப்ரல் 1928

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள இசபெல்லா அக்காவுக்கு, தம்பி ஸ்டானிஸ்லாஸ் எழுதிக்கொண்டது. சர்வேசுரன் புண்ணியத்தில் நான் சுகம். ஆம்புரோஸ் மச்சானுக்கு இருமல் தணிந்ததா என்று முதலில் எழுதவும்.

நீங்கள் ரயிலில் அனுப்பிய கிராமபோன் பெட்டி பத்திரமாக வந்தது. உள்ளே ஸ்பிரிங் இரண்டாக முறிந்திருக்கிறது. நம் வீட்டு ஆட்கள் சாவி கொடுத்தால் கிணற்றில் தண்ணீர் இறைப்பது மாதிரிதான் கொடுப்பார்கள். புது ஸ்பிரிங் சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும். இரண்டு மூன்று மாதம் பிடிக்கும், மச்சானைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெட்டிக்குள் துணி சுற்றி வைத்திருந்த அவருடைய பாட்டுப் பிளேட்டும் கீறல் இல்லாமல் வந்தது. அதை என் மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

கடையில் எனக்கு ஒரு புது வேலை. எதிர்த் தெருவில் இருக்கும் சீனப் பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்பு ஆரம்பிக்கப் போகிறார்கள். அந்த வாத்தியார்கள் நாலு பேர் சனிக்கிழமை மத்தியானம் கடைக்கு வந்து பிளேட்டு கேட்கிறார்கள். வாத்தியாருக்குப் பிடித்தது பிள்ளைகளுக்குப் பிடிக்கும், பிள்ளைகளுக்குப் பிடித்தது வீட்டில் வாங்கப்படும் என்பது எங்கள் கடை முதலாளி தவுக்கேயின் கணக்கு. அதனால் யார் எந்தப் பாட்டை எத்தனை தடவை கேட்டார் என்று நான் ஒரு நோட்டில் எழுத வேண்டும்.

நான் நினைத்தது ஒன்று, நடப்பது வேறு. சீன வாத்தியார் என்றால் சீனக் கூத்துப்பாட்டு கேட்பார் என்றுதானே நினைப்போம்? கணக்கு வாத்தியார் வோங் அதைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்கிறார். அவருக்கு வெள்ளைக்காரன் பிடில்தான் வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். சித்திரம் சொல்லிக்கொடுக்கும் லோ, மலாய் நாடகப் பாட்டுக்குத் தொடையில் தாளம் போடுகிறார். வயதான சான் வாத்தியார் ஒருவர்தான் கூத்துப்பாட்டு கேட்டு அழுகிறார். நாலாவது ஆள் லியோங் டீச்சர், பூகோளம் சொல்லிக்கொடுப்பவர், முப்பது வயதிருக்கும். எல்லாவற்றையும் ஒரு தடவை கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விடுகிறார். அவர் பெயருக்கு நேரே என் நோட்டு வெறுமையாக இருக்கிறது.

இன்னொரு தொல்லை கிராமபோன் ஊசி. ஒரு பக்கத்துக்கு ஒரு புது ஊசி போட வேண்டும், பழைய ஊசியைப் போட்டால் பிளேட்டு தேய்ந்து வெளுத்துவிடும். செலவான ஊசியும் நோட்டில் எழுதிய பாட்டும் ஒத்துப்போக வேண்டும் என்பது தவுக்கேயின் சட்டம். எனக்கு முன் இருந்த உடையப்பனை ஊசி விவகாரத்தில்தான் துரத்தினார் என்று கடையில் பேச்சு.

மச்சானுக்கும் மாமியாருக்கும் என் ஸ்தோத்திரம்.

தம்பி,
ஸ்டானிஸ்லாஸ்


பாகான் செராய்,
29 ஏப்ரல் 1928

சேசு மரி சூசை துணை.

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஆசீர். உன் கடிதம் கண்டு மனம் குளிர்ந்தது. வேளைக்குச் சாப்பிடுகிறாயா? கடைச் சோற்றில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் மச்சானின் இருமல் அப்படியேதான் இருக்கிறது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்துகொண்டு ஊருக்கெல்லாம் மருந்து கலக்கிக் கொடுக்கிறார், தன் மருந்தை மட்டும் ஜன்னல் வழியே கொட்டுகிறார். "எம் பொட்டி எப்ப வரும்னு கேளு, வண்டிக்காரன் பாட்ட கேக்காம எனக்கு சோறு எறங்கல லா" என்கிறார். அந்தப் பாட்டைக் கேட்டுச் சிரிப்பார், சிரித்தால் இருமல் வரும், இருமினால் மாமியார் என்னை முறைப்பார். பெட்டி இல்லாத வீடு அமைதியாக இருக்கிறது, எனக்கு அது பிடிக்கவில்லை.

ஒரு விஷயம் நினைவில் வை. அந்தப் பிளேட்டின் மறுபக்கம் அழுகைப் பாட்டு. நாடகத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் பாடுவதாம். நோயாளி இருக்கிற வீட்டில் ஒப்பாரி கேட்கக்கூடாது என்று மாமியார் கண்டிப்பு. பினாங்கில் வாங்கி வந்த நாளிலிருந்து அந்தப் பக்கத்தை நாங்கள் ஒரு தடவைகூடப் போட்டதில்லை. புதுக் கறுப்பாகப் பளபளவென்று இருக்கும், பார்த்திருப்பாய்.

லியோங் டீச்சரைப் பற்றி எழுது. கல்யாணம் ஆனவளா? ஒன்றுமே பிடிக்காத பெண்ணை நான் பார்த்ததில்லை. நீதான் சரியான பிளேட்டைப் போடவில்லை.

இப்படிக்கு,
அக்கா இசபெல்லா


ஈப்போ,
27 மே 1928

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள அக்காவுக்கு, நான் சுகம். அங்கே எல்லோர் சுகத்துக்கும் மன்றாடுகிறேன். ஸ்பிரிங் இன்னும் வரவில்லை.

நீங்கள் திட்டினாலும் சரி, சொல்லிவிடுகிறேன். பழுது பார்த்த ஒரு பெட்டியைச் சோதிக்க உங்கள் பிளேட்டைப் போட்டேன். மச்சானின் வண்டிக்காரன் தேயக்கூடாது என்று மறுபக்கத்தைத்தான் போட்டேன். அந்த நேரத்தில் லியோங் டீச்சர் உள்ளே வந்தார். பாட்டு முடிகிற வரை குடையைக்கூட மடக்கவில்லை. தரையெல்லாம் தண்ணீர். முடிந்ததும், "லாகி சக்காலி" என்றார், இன்னொரு தடவை என்று.

அவருக்கும் எனக்கும் பொதுவாக இருப்பது சந்தை மலாய்தான். பாட்டின் அர்த்தத்தைச் சொல்கிறேன் என்றேன். கையை நீட்டித் தடுத்தார். "சொல்லாதே. நாள் முழுக்க எனக்குச் சொற்கள்தான். பிள்ளைகளுக்குச் சொல், தலைமை வாத்தியாருக்குச் சொல், ஊரிலிருந்து வருகிற கடிதத்தில் சொல். சீனப் பாட்டு கேட்டாலும் சொல் புரிந்துவிடுகிறது, வேலை செய்கிற மாதிரி இருக்கிறது. இதில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த அம்மா பாடுமுன் மூச்சு இழுப்பது மட்டும் புரிகிறது" என்றார். இதுவரை அவர் பேசி நான் கேட்ட பேச்சை எல்லாம் சேர்த்தாலும் இவ்வளவு இராது.

அப்புறம் இரண்டு மூன்று தடவை வந்து கேட்டார். கல்யாணம் ஆகவில்லை, அம்மாவும் தங்கையும் சீனாவில் இருக்கிறார்கள். நோட்டில் என்ன எழுதுவது என்று கொஞ்சம் திண்டாடினேன், ஏதோ எழுதிச் சமாளித்துவிட்டேன்.

மச்சான் மருந்தைக் கொட்டினால் எனக்குத் தந்தி அடியுங்கள், வந்து மூக்கைப் பிடித்து ஊற்றுகிறேன்.

தம்பி,
ஸ்டானிஸ்லாஸ்


பாகான் செராய்,
20 ஜூன் 1928

சேசு மரி சூசை துணை.

அன்புத் தம்பிக்கு, உன் சுகம் அறிந்து சந்தோஷம். இங்கே சந்தோஷமாக எழுத ஒன்றும் இல்லை. தைப்பிங் டாக்டர் வந்து பார்த்தார். இரண்டு பக்க நெஞ்சும் கெட்டிருக்கிறது என்று என்னிடம் தனியாகச் சொன்னார். மச்சானுக்குச் சொல்லவில்லை. ஆனால் அவர் டிரஸ்ஸர் அல்லவா, டாக்டரின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். அன்று இரவு மருந்தைக் கொட்டாமல் குடித்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பெட்டியைச் சீக்கிரம் அனுப்பு தம்பி.

டீச்சர் கேட்டதில் எனக்குக் கோபம் இல்லை. நாங்கள் மூடி வைத்திருக்கும் பக்கத்தை யாராவது கேட்கட்டும். மாமியாருக்குத் தெரிந்தால்தான் ஆபத்து. ஆனால் தவுக்கேயிடம் உன் சொந்தப் பிளேட்டு என்று சொல்லிவிட்டாயா? கடை ஊசியில் வீட்டுப் பிளேட்டைப் போட்டால் அவர் சும்மா இருப்பாரா? உடையப்பனை நினைத்துக்கொள். ஒரு வார்த்தை சொல்லிவிடு, அதற்குப் பிறகு தைரியமாகப் போடலாம்.

கருவாடும் நார்த்தங்காய் ஊறுகாயும் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி அப்பாவு வசம் கொடுத்து அனுப்புகிறேன்.

அக்கா,
இசபெல்லா


ஈப்போ,
5 ஆகஸ்ட் 1928

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள அக்காவுக்கு, நான் சுகம். ஊறுகாய் கிடைத்தது. பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும், வேலை அதிகம்.

ஷாங்காயில் பதிந்த ஒரு அரசியல் அணிவகுப்புப் பாட்டை அரசாங்கம் தடை செய்துவிட்டது. போன மாதம் இருபத்தோராம் தேதி போலீஸ்காரர்கள் கடைக்கு வந்து அந்தப் பிளேட்டுகளை எல்லாம் எடுத்துக்கொண்டு போனார்கள். சனிக்கிழமை நோட்டையும் எடுத்துக்கொண்டார்கள். தவுக்கே கொஞ்சம் ஆடிப்போனார். வாத்தியார்கள் இப்போது வருவதில்லை.

ஸ்பிரிங் வரவில்லை. மச்சானுக்கு ஜெபம் சொல்கிறேன்.

தம்பி,
ஸ்டானிஸ்லாஸ்


பாகான் செராய்,
19 ஆகஸ்ட் 1928

சேசு மரி சூசை துணை.

அன்புத் தம்பிக்கு, உன் கடிதம் சின்னதாக இருந்தது. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? ஒளிக்காமல் எழுது.

மச்சான் எழுந்து நடப்பதில்லை. நான் தலையணையை உயர்த்தி வைத்தால் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்க்கிறார். தோட்டத்து லயத்துப் பிள்ளைகள் வந்து வண்டிக்காரன் பாட்டை வாயால் பாடிக் காட்டின. தப்புத் தப்பாகப் பாடின. அப்படியும் சிரித்தார்.

நேற்று அப்பாவு பத்திரிகையோடு வந்தார். "அம்மா, ஈப்போல ஒரு சீன டீச்சர புடிச்சிட்டாங்களாம், ஒங்க தம்பி கடையிலதான் அந்தப் பாட்ட கேட்டுச்சாம்" என்றார். வாசிக்கச் சொன்னேன். தடை செய்த அணிவகுப்புப் பாட்டை அந்த அம்மாள் முப்பத்தொரு தடவை கேட்டதாகக் கடையின் நோட்டில் எழுதியிருக்கிறதாம். மற்ற வாத்தியார்கள் ஒன்றிரண்டு தடவைதான் கேட்டார்களாம், அவர்களை விட்டுவிட்டார்கள். இவளை நாட்டை விட்டு அனுப்பப் போகிறார்களாம். பெயர் லியோங் என்று இருக்கிறது.

உன் டீச்சர்தானே தம்பி? அவள் அழுகைப் பாட்டு கேட்பவள் என்று நீ எழுதினாயே. அணிவகுப்புப் பாட்டையுமா கேட்டாள்? எனக்கு இதற்கு மட்டும் உடனே பதில் எழுது.

அக்கா,
இசபெல்லா


ஈப்போ,
4 செப்டம்பர் 1928

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள அக்காவுக்கு, நான் சுகம், மச்சானின் சுகத்துக்கு மன்றாடுகிறேன். ஒரு நற்செய்தி. வேறு ஒரு பெட்டியிலிருந்து ஸ்பிரிங்கைக் கழற்றி உங்கள் பெட்டியில் மாட்டிவிட்டேன். இன்று காலை ஆறு மணி ரயிலில் பெட்டியையும் பிளேட்டையும் ஏற்றிவிட்டேன். அப்பாவுவை ஸ்டேஷனுக்கு அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். மச்சான் ஆசை தீரக் கேட்கட்டும்.

மறுபக்கத்தை மட்டும் போட வேண்டாம். மாமியார் சொல்வதுதான் சரி. நோயாளி இருக்கிற வீட்டில் எதற்கு?

டீச்சர் விவகாரம் பெரிய இடத்து விவகாரம். கடையில் வேலை பார்க்கிற எனக்கு அதில் என்ன தெரியும்? விசாரணை முடியும் வரை ஊரை விட்டுப் போகக்கூடாது என்று கடையாட்களுக்கு உத்தரவு.

தம்பி,
ஸ்டானிஸ்லாஸ்


பாகான் செராய்,
14 அக்டோபர் 1928

சேசு மரி சூசை துணை.

தம்பிக்கு, உன் மச்சான் இந்த மாதம் இரண்டாம் தேதி காலையில் சர்வேசுரனிடம் போய்விட்டார். தந்தி அடித்தோம். நீ வரவில்லை. உத்தரவு இருக்கிறது என்று எழுதியிருந்தாய், ஆகையால் அதைக் குறை சொல்லவில்லை. குழிக்கு மண் போட என் பக்கத்து ஆண் ஒருவரும் இல்லை என்பதை மட்டும் எழுதுகிறேன்.

பெட்டி வந்ததற்கு உனக்கு நன்றி. கடைசி நான்கு வாரமும் வண்டிக்காரன் பாடினான். அதில் குறை இல்லை.

எட்டாம் நாள் பூசை முடிந்து ஆட்கள் போன பிறகு மாமியார் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "இனி இந்த வூட்டுல யாரு நோயாளி இருக்கா? அந்தப் பக்கத்த போடுடி, நானும் அழணும்" என்றார். பிளேட்டைத் திருப்பினேன். கறுப்பாக இருக்க வேண்டிய பக்கம் சாம்பல் பூத்த மாதிரி வெளுத்திருந்தது. புது ஊசி போட்டு வைத்தேன். மழை இரைகிற மாதிரி இரைச்சல். அதற்குள்ளே எங்கேயோ ஒரு பெண் குரல் இருக்கிறது, பிடிபடவில்லை. அந்த அம்மா மூச்சு இழுப்பதாக எழுதினாயே, அது சுத்தமாகப் போய்விட்டது. மாமியார், "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்.

நான் இரவெல்லாம் யோசித்தேன். நாங்கள் ஒரு தடவைகூடப் போடாத பக்கம் இது. இரண்டு மூன்று தடவை கேட்டால் பிளேட்டு இப்படித் தேயாது. பழைய ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டால்தான் தேயும் என்று நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். அவள் சனிக்கிழமை தோறும் வந்து பல தடவை கேட்டிருக்கிறாள். நீ ஊசியை மிச்சம் பிடித்துப் போட்டிருக்கிறாய். அப்படியும் செலவான ஊசிக்கு நோட்டில் ஒரு பாட்டு வேண்டும். கடையில் இல்லாத பிளேட்டை எழுத முடியாது. ஆகவே பக்கத்தில் கிடந்த ஏதோ ஒரு சீனப் பாட்டை அவள் பெயரில் எழுதினாய். முப்பத்தொரு தடவை எழுதினாய். அவள் அந்த அணிவகுப்புப் பாட்டைக் கேட்கவே இல்லை, இல்லையா?

நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் இப்போது தெரிந்தும் சும்மா இருந்தால் அது வேறு. அவளைத் தைப்பிங் சிறையில் வைத்திருப்பதாக அப்பாவு சொல்கிறார். கப்பல் ஏற்ற இன்னும் நாள் இருக்கிறதாம். போய்ச் சொல். வேலை போனால் போகட்டும், இங்கே வா, நானும் தனியாகத்தான் இருக்கிறேன்.

அக்கா,
இசபெல்லா


பாகான் செராய்,
4 நவம்பர் 1928

தம்பிக்கு, மூன்று வாரமாகப் பதில் இல்லை. தபால்காரரிடம் தினமும் கேட்டுவிட்டேன்.

நாளை காலை ரயிலில் நானே பிளேட்டை எடுத்துக்கொண்டு தைப்பிங் போகிறேன். துக்கத்தில் இருக்கிறவள் நாற்பது நாளுக்குள் வெளியே போகலாமா என்று மாமியார் கேட்கிறார். போகிறேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. தேய்ந்த பக்கத்தைக் காட்டினால் யாருக்காவது புரியும்.

இசபெல்லா


பாகான் செராய்,
6 நவம்பர் 1928

தம்பிக்கு, போய்விட்டு வந்தேன். கமுந்திங் தாண்டும் வரை போலீஸ் துரையிடம் சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். சொல்ல அவசியம் ஏற்படவில்லை. வெள்ளிக்கிழமையே அவளைக் கப்பலுக்குக் கொண்டு போய்விட்டார்கள். வெள்ளிக்கிழமை இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள். நான் உன் மச்சானின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தேன்.

சிறை வாசலில் சன்னாசி என்று நம் ஆள் ஒருவர் காவலுக்கு நின்றார். பிளேட்டை மடியில் வைத்துக்கொண்டு நான் அழுவதைப் பார்த்து வந்து பேசினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அந்த சீனத்தி டீச்சராம்மா? தங்கமான பொம்பள. ஒரே ஒரு விசயம்தான் எனக்கு வெளங்கல. சாயங்காலமானா ஒக்காந்து நம்ம ஒப்பாரிய மூக்காலயே பாடும். சொல்லு ஒண்ணும் இருக்காது, மெட்டு மட்டும். ஆனா ஒரு எடத்துல பிசகல. எங்க கத்துக்கிட்டனு மலாயில கேட்டேன். ஈப்போ கடையிலனு சொல்லுச்சு. தொரைகிட்டயும் அதத்தான் சொல்லுச்சாம், நான் கேட்டது தமிழ்ப் பாட்டு, சீனப் பாட்டு இல்லன்னு. கடையாள கூப்பிட்டுக் கேட்டாங்களாம். அப்படி ஒரு பிளேட்டே கடையில இல்லன்னுட்டானாம்."

அந்தக் கடையாள் யார் என்று நான் சன்னாசியிடம் கேட்கவில்லை. உன்னிடம் கேட்கிறேன். என்றைக்குக் கேட்டார்கள் உன்னை?

இசபெல்லா


ஈப்போ,
25 நவம்பர் 1928

அக்காவுக்கு,

சுகம் விசாரித்து எழுத எனக்கு யோக்கியதை இல்லை. கேட்டதற்குப் பதில் மட்டும் எழுதுகிறேன்.

செப்டம்பர் நாலாம் தேதி. காலை ஆறு மணிக்குப் பிளேட்டை ரயிலில் ஏற்றினேன். பத்து மணிக்குப் போலீஸ் துரை என்னை விசாரிக்கக் கூப்பிடுவார் என்று முதல் நாளே தெரியும். அதற்காகத்தான் ஏற்றினேன், மச்சானுக்காக அல்ல. டீச்சர் சொல்கிற தமிழ்ப் பிளேட்டு கடையில் இருக்கிறதா என்று துரை கேட்டார். இல்லை என்றேன். அது பொய்கூட இல்லை. டீச்சர் அங்கேதான் நின்றார். நான் மறந்துவிட்டேன் என்று நினைத்தாரோ என்னவோ, எனக்கு ஞாபகப்படுத்துகிற மாதிரி மூச்சை மெல்ல ஒரு தடவை இழுத்துக் காட்டினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உங்கள் அக்டோபர் கடிதம் சட்டைப் பையிலேயே இருந்தது. தினமும் நாளைக்கு நாளைக்கு என்று இருந்தேன். தைப்பிங் போய் வந்த கடிதம் கிடைத்த அன்றுதான் தவுக்கேயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலையை விட்டு நிறுத்துவார் என்று துணிமணியைக்கூட மூட்டை கட்டி வைத்திருந்தேன்.  அவர் மலாயில், "ஊசிக்காகவா?" என்று கேட்டார். உடையப்பனைப் பற்றிச் சொன்னேன். உடையப்பன் தூக்கிக்கொண்டு போனது ஊசி அல்ல, இரண்டு புதுப் பெட்டி என்றார். நான் யாரிடமும் விசாரிக்காமலே நம்பியிருக்கிறேன். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே அந்த அம்மாவுக்குப் போட்டுக் காட்டியிருப்பேனே" என்றார். நீங்கள் ஜூன் மாதத்தில் எழுதியதும் அதேதான்.

அவரே என்னைத் துரையிடம் கூட்டிக்கொண்டு போனார். துரை முழுவதையும் கேட்டார். கப்பல் போய்ச் சேர்ந்துவிட்டது, காகிதம் மூடியாகிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார். டீச்சரின் ஊர் பெயர்கூட எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்டேன். கணக்கு வாத்தியார் வோங் என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்.

என் வேலை போகவில்லை, அக்கா. போயிருந்தால் உங்களிடம் வந்திருப்பேன். இப்போது எந்த முகத்தோடு வருவது?

இன்று காலை தவுக்கே என் மேஜை மேல் ஒரு தகர டப்பாவை வைத்துவிட்டுப் போனார். புது ஊசி, இருநூறு இருக்கிறது. எதற்கும் எழுத வேண்டாம், எடுத்துக்கொள் என்றார். டீச்சர் பெயரில் நான் பொய்க் கணக்கு எழுதியது முப்பத்தொரு ஊசிக்காகத்தான்.

ஸ்டானிஸ்லாஸ்